அரை அங்குல மண்

அமெரிக்காவில் ரோமத்துக்காகக் கொயோட்டி என்னும் ஓநாய் இன விலங்குக்கும் செந்நரிக்கும் பொறி வைப்பவர்களிடம் எது முக்கியமான கருவி என்று கேட்டால், பொறியையோ மோப்ப மருந்தையோதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் முதுகில் சுமக்கும் கூடையில், மண்வெட்டிக்கும் சுத்தியலுக்கும் நடுவே, நாலு பலகையும் ஒரு துண்டுக் கம்பி வலையும் சேர்ந்த சல்லடை ஒன்று கிடக்கும். பெரும்பாலும் கடையில் வாங்கியதல்ல, சொந்தக் கைவேலை.

காலைப் பிடிக்கும் பொறியில் இரண்டு இரும்புத் தாடைகள் தரையோடு தரையாக விரிந்து கிடக்கும். நடுவில் சிறிய தட்டு. அதில் பாதம் அழுந்தினால் கொக்கி விடுபட்டு, வில்கள் தாடைகளை மேலே தள்ளி மூடும். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். தட்டுக்கு அடியில் ஒரு பொடிக்கல் சிக்கியிருந்தால் தட்டு இறங்காது. தாடைகளுக்கு இடையே சுள்ளியோ மண்கட்டியோ மாட்டினால் அவை முழுதாக மூடாது. விலங்கு காலை உருவிக்கொண்டு போய்விடும். ஒருமுறை தப்பிய கொயோட்டியை மறுபடி பிடிப்பது பெரும்பாடு என்பது பொறிக்காரர்கள் எல்லோரும் சொல்வது. பொறியை மூடும் மண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்காது. அந்த அரை அங்குலத்தைச் சுத்தமாகக் கொடுப்பதுதான் சல்லடையின் வேலை.

மிஞ்சிய இரையைக் குழிதோண்டிப் புதைத்து வைப்பது நரிக்கும் கொயோட்டிக்கும் உள்ள பழக்கம். பொறிக்காரர் அதையே பாசாங்கு செய்கிறார். சாய்வாக ஒரு குழி, உள்ளே இறைச்சித் துண்டு, முன்னால் பொறி. பொறி அசையாமல் பதிந்திருக்க வேண்டும். காலடியில் இரும்பு ஆடினால் கொயோட்டி நின்று தோண்டிப் பார்த்துவிடும். தட்டின் மேல் மெழுகுத்தாளோ கொசுவலைத் துண்டோ வைத்து, அதற்கும் மேலே சல்லடையைப் பிடித்து ஆட்டினால் நயமான மண் மட்டும் சீராக விழும். மேலே தங்கிய கல்லையும் வேரையும் தள்ளிப் போய்க் கொட்டிவிட்டு, காய்ந்த புல்லைத் தூவினால் அங்கே மனிதக் கை பட்ட தடமே தெரியாது.

சல்லடையின் செய்முறை எளிது. கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையைக் கூடைக்குள் அடங்கும்படி சுருக்கியதுபோல இருக்கும். மூன்று, நான்கு அங்குல உயரப் பலகையில் சட்டம். அடியில் கால் அங்குலக் கண்ணுள்ள நாகம் பூசிய கம்பி வலை. வலையின் விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க மேலே ரீப்பர் வைத்து ஆணி. பலகை இல்லையென்றால் பழைய மேசையின் இழுப்பறையில் அடிப்பலகையைக் கழற்றிவிட்டு வலை அடிப்பார்கள். ஐந்து கேலன் பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்துச் செய்பவர்களும் உண்டு. அகலம் மட்டும் விரிந்த பொறியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்.

வலைக் கண்ணில்தான் சூட்சுமம். மணற்பாங்கான நிலத்துக்குக் கால் அங்குலம் போதும். களிமண் ஈரத்தில் அது அடைத்துக்கொள்ளும். அங்கே அரை அங்குலத்தை ஒட்டிய கண் வேண்டும். ஜன்னல் கொசுவலை காய்ந்த புழுதிக்கு மட்டுமே ஆகும். எந்த ஊர் மண்ணுக்கு எது என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆளுக்கொரு சல்லடை செய்துகொள்வதற்குச் சிக்கனத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிக்கனமும் இல்லாமலில்லை. ரோமத்தின் விலை சரிந்து, டொரண்டோவின் நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் என்ற பெரிய ஏல நிறுவனமே 2019இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று.

வாசனை இன்னொரு கவலை. புது வலையைச் சில வாரம் மழையிலும் வெயிலிலும் போட்டுவைத்து எண்ணெய் நாற்றத்தைப் போக்குவார்கள். பெட்ரோல் கேன் பக்கத்தில் வைக்கமாட்டார்கள். கையுறை இல்லாமல் தொடுவதுமில்லை.

இத்தனை நுட்பமும் ஒரு விலங்கின் காலைக் கவ்வத்தானே என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தக் கைத்திறனை என்னால் ரசிக்க முடியவில்லை. நியூயார்க் மாநிலத்து ஒனைடாவில் சூவல் நியூஹவுஸ் 19ஆம் நூற்றாண்டில் செய்து பரப்பிய இரும்புப் பொறியின் வழிவந்தவைதான் இன்றைய பொறிகளில் பலவும். அந்தத் தட்டுக்கு நரியும் ஒன்றுதான், வழிதவறி வந்த வளர்ப்பு நாயும் ஒன்றுதான். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு 1991இல் சட்டமியற்றி இவ்வகைப் பொறிகளைத் தடைசெய்தது. கலிபோர்னியா 2019இல் ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே நிறுத்தியது. வேறு பல மாநிலங்களில் உரிமம் உண்டு. வைத்த பொறியை இத்தனை மணி நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் வேட்டை என்றே கணக்கிடுகிறது.

சல்லடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரோமம் அடர்ந்து தரமாக இருப்பது குளிர்காலத்தில்தான். மண் உறைவதும் அப்போதுதான். ஈரமண் உறைந்து பாளமாகிவிட்டால் மேலே நரி நடந்தாலும் தட்டு இறங்காது. அதனால் கோடையிலேயே காய்ந்த மண்ணைச் சலித்துப் பீப்பாயில் அடைத்துவைக்கிறார்கள். சிலர் கறுப்புத் தார்ப்பாயில் அதைப் பரப்பி, மெழுகுச் சீவல் தூவி, வெயிலில் உருக உருகக் கிளறுகிறார்கள். மெழுகேறிய மண்ணில் நீர் ஊறாது, உறையவும் செய்யாது. ஆறியபின் கட்டி தட்டியிருந்தால் மறுபடி ஒருமுறை சலிக்க வேண்டும்.