மலக்கசிவு: டாக்டரிடம் எதைச் சொல்வது, என்ன நடக்கும்

"வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பேதியை நிறுத்தும் மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான். "மோஷன் தெரியாமலே போயிடுது, டாக்டர்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எப்போது கசிந்தது, இறுகலா தண்ணீரா, அவசரமாக வந்து அடக்க முடியவில்லையா, போனதே தெரியவில்லையா. அவசரமாக வந்தால் ஆசனவாயின் வெளித்தசை தளர்ந்திருக்கலாம். தெரியாமலே போனால் உள்தசையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டது இருபது வருடத்துக்கு முந்தையதானாலும் சொல்லுங்கள். மூலம், பவுத்திர ஆபரேஷனையும் மறைக்காதீர்கள். மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்து, டாக்டர் கையுறை போட்ட விரலை ஆசனவாயில் விட்டுப் பார்ப்பார். கூச்சத்தில் பலர் தட்டிக்கழிப்பது இதைத்தான். அதிகம் காட்டிக்கொடுப்பதும் இதுதான். வயதானவர்களுக்கு உள்ளே மலம் கல்லாய் அடைத்திருக்க, அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீராய் வழிவது உண்டு. வீட்டில் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பி, தசையைப் பார்க்கும் ஸ்கேன், அழுத்தம் அளக்கும் சோதனை என்று குடல் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

சிகிச்சை பெரும்பாலும் எளிதாகவே தொடங்கும். இளகிப் போகிறவர்களுக்கு இசப்கோலும், டாக்டர் சொன்ன அளவில் லோபரமைடும். காலைச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் கழிப்பறையில் உட்காரும் பழக்கம். சாப்பிட்டதும் குடல் தானே அசையும். கூடவே பயிற்சி: காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு "பிரயோஜனமில்லை" என்பது நியாயமில்லை. இதற்கும் மசியாவிட்டால் கருவியின் உதவியோடு தசையைப் பழக்கும் பயோஃபீட்பேக், தசைத் தையல், நரம்பைத் தூண்டும் கருவி என்று வழிகள் உண்டு.

பார்த்துக்கொள்பவர்களுக்கு: சோப்பு போட்டுத் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஜிங்க் ஆக்சைடு களிம்பு பூசுங்கள். டயபரை நனைந்ததும் மாற்றுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். திடீரெனக் கசிவோடு தொடையிடுக்கு மரத்து, கால் வலுவிழந்து, சிறுநீரும் அடைத்தால் முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்போது குறிப்பெழுத நேரமில்லை. அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.