அடுக்களைப் புகையும் இல்லத்து நலமும்

மனிதன் ஒருவன் ஒரு நாளில் ஏறத்தாழப் பத்தாயிரம் இலீற்றர் காற்றை உட்கொள்கின்றான். உண்ணும் சோற்றிற் கல் கிடந்தாற் பல் அறியும். பருகும் நீர் கலங்கினாற் கண் அறியும். காற்றின் மாசைக் கண்ணெரிச்சலும் இருமலும் அறிவித்தாலும், நாளடைவில் நாம் அவற்றுக்குப் பழகிவிடுகின்றோம். காற்றுக் கெடுவது வீதியிலும் ஆலையிலும் என்று எண்ணி, வீட்டுக்குள் கெடும் காற்றைக் கருத்திற் கொள்ளாது விடுகின்றோம்.

கற்பிட்டித் தீபகற்பத்தின் நுரைச்சோலையில், 2011ஆம் ஆண்டு முதல் மின்சாரம் பிறப்பித்துவரும் நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கி 150 மீற்றர் உயரமுடையது. அந்நிலையத்தின் சாம்பலையும் புகையையும் குறித்து அயலூர் மக்கள் முறையிட்டு வருகின்றனர், முறையிடுதலும் வேண்டியதே. ஆயின், நம் அடுக்களையில் நாள்தோறும் எரியும் அடுப்புக்கு ஒரு முழப் புகைபோக்கியேனும் உண்டா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

இலங்கையின் இல்லங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகாற் சமைத்தமையை 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டிற்று. எரிவாயுவுக்கு மாறியோருட் பலரும், 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது விறகுக்கே மீண்டனர். தென்னந்தோட்டங்கள் சூழ்ந்த மதுரங்குளியில் மட்டையும் பாளையும் சிரட்டையும் எளிதிற் கிடைப்பவை. ஆதலின் விறகை விடுக என்பதினும், புகையை வெளியேற்றுக என்பதே நமக்கு உடனே கைகூடும் அறிவுரையாம்.

புகை என்பது முற்றாக எரியாத எரிபொருளே. அதில் மிதக்கும் நுண்துகள்களுள் 2.5 மைக்கிரோமீற்றரினும் சிறியவை, தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாதவை. அவை மூக்கின் தடையைக் கடந்து நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. ஒரு கனமீற்றர் காற்றில் இத்துகள்களின் நாட் சராசரி 15 மைக்கிரோகிராமை விஞ்சலாகாது என்று 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. காற்றோட்டமற்ற அடுக்களைகளில் துகள்களின் அளவு ஏற்கத்தக்க அளவினும் நூறு மடங்கு வரை உயரக்கூடும் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. புகையோடு கலந்து வரும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேல் விருப்புடன் பிணைந்து, உடலுக்குரிய ஒட்சிசனைக் குறைப்பது.

இவற்றால் வரும் துன்பம் வீட்டார் அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதன்று. அடுப்பின் முன் நிற்பவள் தாய்; அவள் இடுப்பில் இருப்பது குழந்தை. நாட்பட்ட நுரையீரல் நோயும் கண்புரையும் அவளை நாடுகின்றன. நியூமோனியா குழந்தையை நாடுகின்றது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் முப்பத்திரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவருள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

பண்டைய குசினி கிடுகு வேய்ந்தது. கிடுகின் இடுக்குகளினூடும், சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியினூடும் புகை தானே கசிந்து வெளியேறிற்று. இன்றோ சீமெந்துத் தளமும் கண்ணாடி யன்னலும் அமைத்து வீட்டை இறுக மூடுகின்றோம்; அடுப்பை மட்டும் பழையபடியே வைத்திருக்கின்றோம். வீடு வளர்ந்தது, புகைக்கு இருந்த வழி அடைபட்டது.

இதற்குரிய பரிகாரம் அரிதன்று. சூடான காற்று இலேசாகி மேலெழும் என்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். ஆகவே தாழ்வான ஒரு வாயிலாற் குளிர்ந்த காற்று உட்புகவும், உயரத்தே உள்ள ஒரு வாயிலாற் புகை வெளியேறவும் வேண்டும். அடுப்புக்கு மேல் கவிந்த கூடும், அதிலிருந்து கூரை முகட்டினும் உயரச் செல்லும் புகைபோக்கியும் அமைத்தல் நன்று. அதன் வாய் முகட்டுக்குத் தாழ்ந்து நின்றால், வீசும் காற்றுப் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். படியும் கரியை இடைக்கிடை அகற்றாவிடின் பயனில்லை. வைகாசி முதல் ஆவணி வரை வலிந்து வீசும் சோளகத்தை எண்ணி, தென்மேற்கு மூலையில் அடுக்களை அமைப்பதைத் தவிர்க்கலாம். அங்கெழும் புகை வீடெங்கும் பரவும்.

பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாக, நெருப்புத் தணிந்து புகை மிகும். விறகை வெட்டிப் பிளந்து, மழை படாத தாழ்வாரத்திற் சில மாதம் உலர்த்துதல் வேண்டும். பொலித்தீனைக் கொண்டு தீமூட்டும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். அதன் புகை நஞ்சு. 1980களில் இந்நாட்டில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ மண்ணடுப்பு விறகைச் சிக்கனப்படுத்துவது. எனினும் விறகு குறைவது வேறு, புகை வெளியேறுவது வேறு. அதற்கும் காற்றோட்டம் இன்றியமையாதது.

எரிவாயு விறகினும் பன்மடங்கு தூயதேனும் காற்றினும் பாரமானது. கசியுமாயின் நிலத்தையே பற்றித் தங்குமாதலால், அங்குத் தாழ்வான காற்றுவழியும் வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பு தூயதன்று. இரவில் அறையைப் பூட்டி நுளம்புச்சுருள் கொளுத்துவோர், ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் விடுவதற்கு ஒப்பாகும் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கண்டதை நினைவிற் கொள்வாராக. நுளம்பு வலை புகையாது.

நம் கல்லூரியிற் பயின்று உயர்ந்தோர் பலர் இன்று புதுமனை எழுப்புகின்றனர். முன்மண்டபத்தின் அழகுக்குப் பல இலட்சம் செலவிட்டு, அடுக்களையைச் சாளரமற்ற பின்மூலைக்குத் தள்ளுவது எங்கும் காணும் காட்சி. விடியுமுன் எழுந்து, அடுப்பூதி, நமக்குச் சோறு கட்டித் தந்து கல்லூரிக்கு அனுப்பிய அன்னையர் கண்ணீர் வடித்தது பாசத்தினால் மட்டுமன்று, புகையினாலுமாம். மனைக்குப் படம் வரைவோர் முதலில் அடுப்புக்கு இடம் குறித்து, அதன் புகைக்கு வழி வகுத்து, அதன்பின் மண்டபத்தை வரைவார்களாக. அன்னையர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பங்காயினும் அதனால் தீரும்.