கோரிமேட்டில் சுற்றும் ரத்தப் பை

டெங்கு பரவும் மாதங்களில் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை வளாகத்தில் அதிகம் காதில் விழும் சொல் 'பிளேட்லெட்', அதாவது தட்டணு. ரத்த வங்கியிலிருந்து தட்டணுப் பை வரும்போது முதல்முறை பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். அதில் சிவப்பே இருக்காது. இளமஞ்சள் நிறத்தில், லேசாகக் கலங்கிய திரவம் சுமார் 50 மில்லி இருக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்தால் உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல ஒரு மினுமினுப்பு சுழலும். தட்டு வடிவம் கெடாத நல்ல தட்டணுக்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் மினுமினுப்பு அது. அது தெரியாவிட்டால் அந்தப் பையைச் சந்தேகிக்க வேண்டும்.

யாரோ ஒருவர் கொடுத்த சிவப்பு ரத்தத்திலிருந்துதான் இது வந்தது. எப்படி? பள்ளியில் வேதியியல் பாடமாகக் கலவை பிரித்தலையும் இயற்பியல் பாடமாக வெக்டரையும் தனித்தனியே படித்து மறந்தோமே, அவை இரண்டும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

கலவையைப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. சலிப்பது, புடைப்பது, கொழிப்பது, அரிப்பது, தெளியவைத்து இறுப்பது, வடிப்பது, தூற்றுவது என்று ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வினை வைத்திருக்கும் மொழி நம்முடையது. களத்தில் நெல் தூற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. நெல்மணிக்குக் காற்றின் தள்ளல் பொருட்டே இல்லை, காலடியிலேயே விழுகிறது. பதருக்கு எடை குறைவு. சாய்வாகப் போய்த் தள்ளி விழுகிறது. அளவும் திசையும் கொண்ட இரண்டு விசைகளைக் கூட்டினால் கிடைக்கும் மூன்றாவது திசைதான் அந்தச் சாய்வு. வெக்டர் கூட்டல் என்று பதினோராம் வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொல்வது இதைத்தான்.

இனி ரத்தத்துக்கு வருவோம். ரத்தம் ஒரு தொங்கல் கலவை. சுமார் 55 சதவீதம் பிளாஸ்மா. மீதி பெரும்பாலும் சிவப்பணுக்கள். உறையாதபடி செய்து ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தால் சிவப்பணுக்கள் தாமாகவே இறங்கும். ஈ.எஸ்.ஆர். பரிசோதனை இதுதான்: ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்ப்பார்கள். ஆரோக்கியமான இளைஞருக்குச் சில மில்லிமீட்டர்கள்தான் இறங்கும். இந்த வேகத்தில் ஒரு பை ரத்தம் பிரியக் காத்திருந்தால் நோயாளி தாங்குவாரா?

அதனால்தான் மையவிலக்கு இயந்திரம். 20 சென்டிமீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால், பையோடு சேர்ந்து சுற்றும் ஓர் அணுவுக்கு வெளிப்புறமாக 0.8 மடங்கு புவியீர்ப்பு அளவு இழுவிசை உண்டாகும். கீழ்நோக்கிய 1-ஐயும் வெளிநோக்கிய 0.8-ஐயும் சாதாரணமாகக் கூட்டினால் 1.8. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள். எனவே வெக்டர் கணக்கில் விடை சுமார் 1.3 மடங்குதான், அதுவும் ஏறக்குறைய 39 பாகை சாய்ந்த திசையில். இப்போது வேகத்தை 3000 சுற்றுக்கு ஏற்றுங்கள். வெளிநோக்கிய இழுப்பு சுமார் 2000 மடங்காகிவிடும். பூமியின் இழுப்பு அதன் முன்னே ஒன்றுமில்லை. பையைத் தாங்கும் வாளி படுக்கைவாட்டில் மலர்ந்து நிற்கும்; உள்ளிருக்கும் அணுக்களுக்கு 'கீழே' என்பது இயந்திரத்தின் சுவர்ப்பக்கம்.

சுற்றவிடும் முன் ஊழியர் செய்யும் ஒரு வேலையைக் கவனித்தால் வெக்டர் பாடம் ஆயுளுக்கும் மறக்காது. எதிரெதிர் வாளிகளைத் தராசில் வைத்து எடை சமன் செய்வார். எடை சமமாக இருந்தால் எதிரெதிர் இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; கூட்டுத்தொகை சுழி. ஒரு பக்கம் 10 கிராம் கூடினால்? 2000 மடங்கில் அது 20 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. நொடிக்கு 50 முறை திசை மாறி அச்சைப் பிடித்து உலுக்கும். இயந்திரம் அதிரும், பையே கிழியலாம். பத்து கிராம் என்பது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அவ்வளவுதான்.

பிரிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் சுற்று மிதமானது. சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரான் அகலம், தட்டணு 2 அல்லது 3 மைக்ரான். இறங்கும் வேகம் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சிவப்பணுக்கள் முந்திப்போய்ப் படிகின்றன. தட்டணுக்கள் இன்னும் பிளாஸ்மாவிலேயே மிதக்கின்றன. அந்தச் சமயத்தில் நிறுத்தி, மேலே உள்ளதை அழுத்தி, குழாயால் இணைந்த அடுத்த பைக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது, வேகமான சுற்றில் தட்டணுக்கள் அடியில் சேர்கின்றன. பைகள் திறக்கப்படுவதே இல்லை. கிருமி நுழைய வழியில்லை. ரத்தத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் சேகரித்த காலத்தில் இது இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இந்தியாவில் ரத்தப் பைத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் என்பதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

பிளாஸ்மாவை உறையவைத்து 4 பாகை குளிரில் மெல்ல உருகவிட்டால் வெள்ளையாகக் கொஞ்சம் மட்டும் கரையாமல் தங்கும். ஹீமோஃபீலியா நோயாளிக்கு வேண்டிய எட்டாம் உறைகாரணி அதில்தான் செறிந்திருக்கிறது. ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இதை வெளியிட்டது 1964-இல். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம், ஜிப்மர் என்ற பெயரோடு கோரிமேட்டில் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பக்கத்து இந்திரா நகரில் 1975 முதல் இயங்கும் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் 'வெக்டர்' வேறு. அது நோயைச் சுமந்து செல்லும் கொசு. சுமப்பது என்ற லத்தீன் வேர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. அந்தக் கொசு அனுப்பிய நோயாளிக்கு, இந்த வெக்டர் பிரித்த தட்டணு பயன்படுகிறது.

அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உப்பையும் மணலையும் பிரித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், அனுமதி பெற்று மாணவர்களை ஒருமுறை ரத்த வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். சிவப்பணுக்களைக் குளிரில் 35 நாள் வைக்கலாம், பிளாஸ்மாவை உறையவைத்து ஓராண்டு காக்கலாம். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர்கள் ரத்தம் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. டெங்கு செய்தி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்வாருங்கள்.