ஓடுகிற எழுத்து!

விளையாட்டு வீரரின் பனியனைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைப் பாருங்கள். ஷூ பெட்டியின் மூடியைப் பாருங்கள். தடித்த எழுத்துகள் வலது பக்கம் சாய்ந்து நிற்கும். நகைக்கடைப் பலகையிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் எழுத்து பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கிறது. வேகம் என்று வந்துவிட்டால் சாய்ந்துவிடுகிறது. ஏன் இப்படி?

ஓடுகிறவன் உடம்பை முன்னால் சாய்த்து ஓடுகிறான். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுகிற மொழிகள். ஆகவே வலது பக்கம் சாய்ந்த எழுத்து முன்னே பாய்வது போலக் கண்ணுக்குத் தெரிகிறது. அதையே இடது பக்கம் சாய்த்தால், பிரேக் போட்டது போல ஆகிவிடும்!

வெனிஸ் நகரில் பிறந்தது

அச்சில் சாய்ந்த எழுத்து வந்து 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இத்தாலியில் வெனிஸ் நகரத்து அச்சக அதிபர் ஆல்டஸ் மனூசியஸ், 1501-ம் ஆண்டில் கையடக்கமான புத்தகம் ஒன்றை இந்த எழுத்தில் அச்சிட்டார். எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிபோ என்ற தொழிலாளி. அன்று அது வேகத்துக்காக வந்ததல்ல. படித்தவர்களின் கையெழுத்தைப் போல இருக்க வேண்டும் என்பதற்காகவே சாய்க்கப்பட்டது.

கேமரா செய்த வேலை

சாய்வுக்கும் வேகத்துக்கும் முடிச்சுப் போட்டதில் கேமராவுக்கும் பங்கு உண்டு. 1910-களில் பிரான்சு நாட்டில் நடந்த கார் பந்தயத்தை லார்திக் என்ற இளைஞர் படம் பிடித்தார். அவருடைய கேமராவில் ஒரு சிறிய இடுக்கு மெல்ல நகர்ந்துதான் படம் பதியும். அது நகர்ந்து முடிப்பதற்குள் கார் முன்னே போய்விட்டது. படத்தில் வட்டமான சக்கரம் முட்டை வடிவமாகி, முன்பக்கம் சாய்ந்து விழுந்தது. கேலிச்சித்திரக்காரர்களும் விளம்பர ஓவியர்களும் வேகத்தைக் காட்ட இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

35 டாலர் கூலி

1971-ல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்துக் கல்லூரி மாணவி கரோலின் டேவிட்சன், ஒரு புதிய ஷூ கம்பெனிக்கு வளைந்த கோடு ஒன்றை வரைந்து கொடுத்தார். கூலி 35 டாலர். இன்று உலகமே அறிந்த நைக்கி சின்னம் அதுதான். 1978-ல் கம்பெனியின் பெயரும் சாய்ந்த தடித்த எழுத்துக்கு மாறியது. அந்த எழுத்தின் மூலம், ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் 1927-ல் வெளியிட்ட பியூச்சுரா. 1983-ல் அந்த அம்மையாருக்குக் கம்பெனி பங்குகளும் ஒரு மோதிரமும் கொடுத்தது. 12 ஆண்டுகள் கழித்து வந்த நியாயம் அது.

ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சியும் 1985 முதல் சாய்ந்த சிவப்பு எழுத்தையே வைத்திருக்கிறது. நடுவே குறுக்காக ஒரு வெட்டு, அவ்வளவுதான். எழுத்து பாய்கிறது!

பட்டனைத் தட்டினால் போதுமா?

இன்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் எழுத்து சாய்ந்துவிடும். ஆனால் அது ஒழுங்காக இருக்காது. ஆங்கில 'ஓ' எழுத்தைச் சாய்த்தால், வலது மேல்மூலையும் இடது கீழ்மூலையும் தடித்துவிடும். மற்ற இரண்டு மூலைகள் மெலிந்துவிடும். தொழில் தெரிந்தவர் அதைக் கையால் திருத்துவார்.

தமிழில் வேலை இன்னும் கடினம். ண, ன போன்ற எழுத்துகளைத் தடிக்க வைத்தால் சுழி அடைந்துவிடும். அதிகமாகச் சாய்த்தால், மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறியது போலத் தெரியும். 'கி', 'மி' எழுத்துகளின் கொக்கி பக்கத்து எழுத்தை இடிக்கும். ஆகவே தமிழில் சாய்வைக் குறைத்து, எழுத்துகளுக்கு நடுவே இடத்தைக் கூட்ட வேண்டும்.

போர்டு எழுதிய கைகள்

இந்தச் சூட்சுமங்கள் எல்லாம் போர்டு எழுதும் ஓவியர்களுக்குக் கைவந்த கலை. சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துத் தட்டி மேலும் கீழும் கோடு போடுவார்கள். குறுக்கே ஒரே சாய்வில் கோடுகள் போட்டுக்கொள்வார்கள். பிறகு பிரஷ் ஓடும். பிளெக்ஸ் பேனர் வந்தது. ஒரு நாள் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. பிரஷ் பிடித்த பலர் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள்.

அவர்களுடைய எழுத்தைக் காப்பாற்ற டெல்லியில் ஒருவர் முயன்றார். அவர் கலைஞர் ஹனீப் குரேஷி. தெரு ஓவியர்களைத் தேடிப் பிடித்து எழுதச் சொல்லி, அதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக மாற்றினார். எழுத்துக்கு அந்தந்த ஓவியரின் பெயரையே வைத்தார். விற்ற பணத்தில் ஓவியருக்கும் பங்கு உண்டு என்றார். 2024-ல் அவர் காலமானார்.

ஊரை விட்டு வந்து டி.டி.பி. கடையிலும் பனியன் அச்சடிக்கும் பட்டறையிலும் உழைக்கிற தம்பிமார்கள் இதை மனதில் வைப்பது நல்லது. கபடிக் குழுவின் பனியனுக்கு எழுத்தைச் சாய்க்கலாம். மருந்துக்கடைப் போர்டுக்கு வேண்டாம். சுழியைத் திருத்தி, புள்ளியை நகர்த்தி, ஒரு மணி நேரம் கண்ணைக் கசக்கி உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலியைக் கேட்டு வாங்குங்கள். 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்!