அட்ரினல் புரதம் டோபமைனைக் கூட்டுமா?

ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் நாள். அதையொட்டி வந்திருக்கும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "அட்ரினல் சுரப்பியின் புரதம் மூளையில் டோபமைனைக் கூட்டுமாமே, அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்றால் என்னவென்று இவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 1982-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், நோயாளியின் அட்ரினல் சுரப்பியிலிருந்தே உள்திசுவை எடுத்து அவரது மூளைக்குள் வைத்தார்கள். அந்த உள்திசுவின் குரோமாஃபின் செல்கள் அட்ரினலின் தயாரிக்கும் வழியில் டோபமைனும் உண்டாகும். மூளையில் வைத்தால் அதைச் சுரக்கும் என்பது கணக்கு. பலன் சொற்பம், அதுவும் நீடிக்கவில்லை. 1987-இல் மெக்சிகோவின் இக்னாசியோ மாத்ராசோ குழு இதே வகை அறுவையில் பெரும் முன்னேற்றம் கண்டதாக அறிவித்தது. எத்தனை பேரிடம்? இரண்டே பேரிடம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது. அதை நம்பிப் பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றிலும் மண்டையிலும் அறுவை செய்துகொண்டார்கள். மருத்துவ அறிக்கையில் 'முன்னேற்றம்' என்ற சொல் வந்தால், எத்தனை பேருக்கு, எத்தனை மாதத்துக்கு என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

பிறகு இறந்துபோன நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தார்கள். வைத்த செல்களில் பெரும்பாலானவை செத்திருந்தன. ஆனால் சிலரிடம், அந்த இடத்தைச் சுற்றி நோயாளியின் சொந்த டோபமைன் நரம்பிழைகள் புதிதாகக் கிளைத்திருந்தன! சுண்டெலிகளில் ஆய்வாளர் மார்த்தா போனின் குழு 1987-லேயே இதைக் கண்டிருந்தது. அந்தச் செல்களில் எஃப்ஜிஎஃப்-2, டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் உண்டு. செல் சாவதற்குள் அவை கசிந்து, மிச்சமிருந்த நரம்புகளைத் துளிர்க்க வைத்திருக்கலாம் என்ற விளக்கம் எனக்கு மிக அழகாகவே படுகிறது.

ஆனால் உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. குரங்குகளின் மூளையில் எந்தச் செல்லும் வைக்காமல் வெறும் குழி தோண்டியபோதும் இழைகள் கிளைத்தன, அசைவும் ஓரளவு தேறியது. காயம்பட்ட மூளை தானே இத்தகைய புரதங்களைச் சுரக்கும். அப்படியானால் மனிதர்களிடம் கண்ட முன்னேற்றத்தில் சுரப்பிக்கு எவ்வளவு பங்கு, கத்திக்கு எவ்வளவு, நோயாளியின் நம்பிக்கைக்கு எவ்வளவு? போலி அறுவையோடு ஒப்பிடாததால் பிரித்துச் சொல்ல வழியில்லை.

மற்றக் கேள்விகள்:

அந்த அறுவை இப்போது உண்டா? கைவிட்டுவிட்டார்கள்.

புரதத்தை விழுங்கினால்? வயிறு செரித்துவிடும், தப்பிப் பிழைத்தாலும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது.

நேரே மூளைக்குள் செலுத்தினால்? இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் குழாய் வழியே செலுத்தினார்கள். 2019-இல் வந்த முடிவு: ஸ்கேனில் மாற்றம் தெரிந்தது, நோய்க்குறிகளில் போலி மருந்தை மிஞ்சவில்லை.

'அட்ரினல் சோர்வு' என்று ஒரு நோய் உண்டா? ஹார்மோன் மருத்துவ வல்லுநர்கள் அப்படியொரு நோயை ஏற்பதில்லை.

பூனைக்காலி விதை? அதில் இருப்பது நடுக்குவாத மாத்திரையில் உள்ள அதே லெவோடோபா; அந்த மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

அட்ரினல் புரதக் காப்ஸ்யூலை நம்பி லெவோடோபா மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.