அடுப்பில்லாச் சாப்பாடு பதினாறு வயதுக்குப் போதுமா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் மரவள்ளிக் கொல்லையைக் கண்டால் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். அந்த இலையை வயிறு முட்டத் தின்ற ஆடு மூச்சு வாங்கிச் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளியின் இலையிலும் கிழங்கின் தோலிலும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கடிபட்டு நசுங்கியதும் செடியில் இருக்கும் நொதியே அதை உடைக்க, ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. தோலைச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். நஞ்சு குறைந்த ரகக் கிழங்கைப் பிள்ளைகள் பச்சையாகவே கடிப்பதுண்டு, கசந்தால் துப்பிவிடுவார்கள்.

மணலூர்பேட்டை மாதிரி ஆற்றங்கரை ஊரிலும் இன்றைக்குப் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “அடுப்பில் ஏறினது எதுவும் வேண்டாம்மா, பால் தயிரும் வேண்டாம், பழமும் முளைப்பயறும் போதும்” என்று சொல்லக்கூடும். கேட்டால் உலகத்தில் எந்த விலங்கு சமைத்துச் சாப்பிடுகிறது என்று எதிர்க்கேள்வி வரும். சமைக்கத் தெரியாத ஆடு மரவள்ளிக் கொல்லையில் என்ன ஆகிறது என்பதுதான் அதற்குப் பதில். தை மாதம் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக்கு வருகிறார். அந்தப் பருவத்தில் கரும்பும் கிழங்கும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். கரும்பைக் கடித்துத் தின்கிறோம், கிழங்கை அவிக்கிறோம். எதை எப்படித் தின்பது என்பதை நம்மவர்கள் கொள்கையாக வைத்துக்கொள்ளவில்லை. நாக்கும் வயிறும் சொன்னபடி முடிவு செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்குப் பச்சை உணவு புதிதில்லை. சிவசைலம் இராமகிருஷ்ணன் தேங்காயும் பழமுமே போதும் என்று சொல்லி, அப்படியே வாழ்ந்தும் காட்டினார். அவருக்கும் முன்னால் இந்தச் சோதனையில் இறங்கியவர் காந்தி. 1929 மே மாதம் ஆந்திரச் சுற்றுப்பயணத்தில், ராஜமுந்திரியில் இயற்கை மருத்துவம் செய்துவந்த சுந்தரம் கோபாலராவின் பேச்சில் ஈர்க்கப்பட்டு, சமைக்காத உணவுக்கு மாறினார். ஒரு நாளைக்கு முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, பச்சைக்கீரை 8 தோலா, எலுமிச்சம்பழம் 6, தேன் 2 அவுன்ஸ். இதை ‘யங் இந்தியா’வில் எழுதியும் வைத்தார். ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்ததும் சோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார்; தோல்வியையும் மறைக்காமல் எழுதினார். இன்றைய ‘டயட்’ காணொளிக்காரர்களிடம் நான் தேடிக் காணாதது இந்தக் கடைசிப் பகுதிதான்.

அந்தப் பட்டியலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தோலா ஏறக்குறைய 11.7 கிராம். தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 1,200 கலோரியைத் தாண்டாது. காந்திக்கு அப்போது வயது 59. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2,500 கலோரி வேண்டும், பையனுக்கு 3,300-ஐ ஒட்டி. பெண் பிள்ளைக்கே அந்தச் சாப்பாடு பாதிக்குக்கூட எட்டவில்லை.

சரி, வாழைப்பழத்தாலேயே நிரப்பலாம் என்றால் இருபத்தைந்து பழம் தின்ன வேண்டும். தின்றாலும் புரதம் 30 கிராமைத் தொடுவது சிரமம், வேண்டியதோ 46. தேங்காயும் வேர்க்கடலையும் சேர்த்தால் கலோரிக் கணக்கு ஒருவாறு நேராகும். ஆனால் பயறு, பருப்பு, தானியம் என்று புரதத்துக்கு நாம் நம்பியிருப்பவை பெரும்பாலும் அடுப்பைக் கேட்பவை. வெந்தால்தான் மாவுச்சத்து இளகிச் செரிக்கும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. பச்சை ராஜ்மாவில் நாலைந்து கொட்டையே வாந்தி எடுக்க வைத்துவிடும். கல்வராயன் மலையில் விளையும் சாமையையும் கேழ்வரகையும் ஊறவைத்து மென்றுபார்த்தால் மீதி விஷயம் விளங்கும்.

வருடக்கணக்கில் பச்சை உணவிலேயே இருந்தவர்களை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 1999-இல் வந்த முடிவு: 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தடுமாறியோ நின்றோ போயிருந்தது. எடை குறையக் குறைய, பிள்ளை பெறும் வேலையை உடம்பு ஒத்திப்போட்டுவிடுகிறது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் 2005-இல் 18 பச்சைத் தாவர உணவுக்காரர்களைச் சோதித்தபோது எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. கெட்ட கொழுப்பு குறைவு போன்ற நல்ல செய்திகளும் இந்த ஆய்வுகளில் உண்டு. ஆனால் இவர்கள் வளர்ந்து முடித்தவர்கள். வாழ்நாள் முழுவதற்குமான எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால்பங்கு, பிள்ளைகள் கிடுகிடுவென உயரும் அந்த இரண்டு ஆண்டுகளில் சேர்கிறது. அப்போது விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம்.

முளைப்பயறு பற்றியும் ஒரு வார்த்தை. முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011-இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட ஈ.கோலை தொற்று, பச்சை வெந்தய முளையில்தான் போய் நின்றது. ஆவியில் ஒரு கொதி காட்டிச் சாப்பிடுவதால் குடிமுழுகிவிடாது.

2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில், யூடியூப் பார்த்து மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்துவந்த 17 வயதுப் பையன் இறந்ததாகச் செய்தி வந்தது. அவன் இருந்தது முழுமையான பச்சை உணவில் இல்லை. அந்த ஒரு சம்பவத்தை வைத்து இதைத் தீர்ப்பதும் சரியில்லை. ஆனால் முதலில் எண்ணெய், பிறகு சோறு, பிறகு எல்லாமே என்று பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக விலகினால் அது உணவுக் கொள்கையா, சாப்பிடவே பயப்படும் நோயா என்று வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். எடை இறங்குவதும் மாதவிலக்கு தள்ளிப்போவதும் கூட வந்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக்கூடாது.

பாலையும் முட்டையையும் கறியையும் விடுவது வேறு விஷயம். உயிர்களிடம் இரக்கப்பட்டுப் பிள்ளை அப்படிக் கேட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அடுப்பு மட்டும் எரியட்டும். கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, துவட்டிய முருங்கைக்கீரை, சுண்டல், கூடவே ஒரு நெல்லிக்காய் என்று கால்சியத்தையும் இரும்பையும் ஓரளவு தேற்றிவிடலாம். பி12 மட்டும் தேறாது. அதை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். செடிகொடிகளில் நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. பழைய சோற்றில் இருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்பி உட்கார முடியாது. ஈரலில் சேர்ந்திருக்கும் இருப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதால், முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் வரும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதற்காகப் பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல மாத்திரை தருகிறார்கள். அதில் இருப்பது இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். ஃபோலிக் அமிலம் ரத்தத்தைத் தேற்றிக்காட்டி, பி12 குறைவால் நரம்பு கெடுவதை மறைத்துவிடக்கூடும். பால்பொருளை விட்ட பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையில் பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, அதற்குரிய மாத்திரையைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.