கொடையும் நஞ்சும்

ஐரோப்பிய மொழிகளைப் பயிலத் தொடங்கும் மாணவர், எழுத்தமைப்பில் ஒத்த சொற்கள் பொருளிலும் ஒத்திருக்கும் என எளிதில் நம்பிவிடுகின்றனர். அந்நம்பிக்கை எத்துணை இடர் தரும் என்பதற்கு, உரோமன் எழுத்துகள் நான்கே கொண்ட 'கிஃப்ட்' என்னும் சிறு சொல் நல்ல சான்றாகும். ஆங்கிலத்தில் அது அன்பளிப்பு. ஜெர்மானிய மொழியில் நஞ்சு. ஸ்வீடிய, டேனிய, நார்வீஜிய மொழிகளிலோ நஞ்சு என்றும் பொருள்படும். மணமானவர் என்றும் பொருள்படும்!

இவை தற்செயலாக ஒத்துப்போன வேறு வேறு சொற்களோ எனில், அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. 'கொடு' என்னும் பொருளுடைய பழைய வினையடியிலிருந்து பிறந்த தொழிற்பெயர் இது. ஆங்கிலத்தின் 'கிவ்', ஜெர்மன் மொழியின் 'கேபென்' ஆகியவும் அவ்வடியினவே. ஆகவே முதற்பொருள் கொடை என்பதே.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணப்பெண்ணுக்காக ஆண்மகன் கொடுத்த பொருளைக் குறித்தது. பன்மையில் திருமணத்தையே குறித்தது. மஹர் நம் நினைவுக்கு வரலாம். ஆயின் மஹர் பெண்ணின் கைக்கே உரியது என்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. இன்றைய ஆங்கிலப் பொருளும் ஒலிப்பும் வடபுலத்து ஸ்காண்டிநேவியர் தொடர்பால் வலுப்பெற்றவை என்பர். அவ்வடபுலத்திலோ கொடுக்கப்பட்டவள் மணமானவள் ஆனாள். பின்னர் அச்சொல் ஆணுக்கும் பொதுவாயிற்று. கொடுப்போர் கொடுக்கக் கொள்வதையே கற்பு எனத் தொல்காப்பியம் வகுத்திருப்பதையும், 'பெண் கொடுத்தல்' என நாம் இன்றும் வழங்குவதையும் எண்ணிப் பார்த்தால் இப்பொருள் வளர்ச்சி நமக்கு அயலாகத் தோன்றாது.

அன்பளிப்பு நஞ்சானது எங்ஙனம்? இதுவே சுவையான பகுதி. கிரேக்க மருத்துவர் ஒருவேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை 'டோசிஸ்' என்றனர். அதன் நேர்ப்பொருள் 'கொடுத்தல்'. இலத்தீன் வழியே இச்சொல்லைப் பெற்ற ஜெர்மானியர் அதனைத் தம் மொழியின் 'கிஃப்ட்' என்னும் சொல்லால் பெயர்த்தனர். மருந்தளவைக் குறித்த சொல், வெளிப்படக் கூற அஞ்சும் நஞ்சுக்கு மறைபெயராயிற்று. பிரெஞ்சு மொழியில் நஞ்சைக் குறிக்கும் 'புவாசோன்' என்பதும் 'பருகுதல்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. நன்னூலார் கூறும் மங்கல வழக்கு, மொழி பலவற்றுக்கும் பொது போலும். நம் சிற்றூர்களில் "மருந்து குடித்துவிட்டான்" என்றால் கேட்போர் பதறி ஓடுவதில்லையா?

தீய பொருள் வேரூன்றியதும் ஜெர்மன் மொழியில் நல்ல பொருள் மங்கி மறைந்தது. கொடையைக் குறித்தபோது பெண்பாலாக நின்ற சொல், நஞ்சைக் குறிக்கும் இந்நாளில் அலிப்பாலாக நிற்கிறது. பழைய பொருளும் பழைய பாலும் இன்று எஞ்சியிருப்பது 'மிட்கிஃப்ட்' என்னும் தொடர்ச்சொல்லில். பெண்ணுடன் கொடுத்தனுப்பும் சீர்ப்பொருள் என்பது அதன் பொருள். பிரித்துப் படிப்பார்க்கு 'உடன்வரும் நஞ்சு' எனவும் தோன்றும்! கைக்கூலி பேச வருவோரிடம் இச்சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம்.

டச்சு மொழியார் ஈற்றெழுத்தை விட்டெழுதி நஞ்சைக் கொடையினின்று பிரித்துக்கொண்டனர். ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குச் செல்லும் நம் மாணவர்க்கு அவ்வசதி இல்லை. ஆய்வுக்கூடப் புட்டியில் இச்சொல்லைக் கண்டால் கை வையாது விலகுதல் வேண்டும். ஸ்வீடியர் எதனையும் மாற்றவில்லை. பெயர்ச்சொல்லாயின் நஞ்சு, பெயரடையாயின் மணமானவர் எனப் பிரித்தறிந்து, அதனை வைத்து நகையாடியும் மகிழ்கின்றனர். தம்மை மணமானவர் என விண்ணப்பத்தில் குறிக்க அவர்கள் எழுதும் அதே சொல், எலிப் பாஷாணத்தின் பெயரிலும் ஈற்றில் நிற்கிறது.